கல்லட்டி வளைவுகளில் கார் சிமுலேட்டரைச் சோதிப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டியிலிருந்து தலைகுந்தா வழியாக மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அந்தப் பாதையை ஒரு கார் பந்தய சிமுலேட்டருக்கான (நிஜக் கார் ஓடுவதைக் கணக்கிட்டுக் காட்டும் கணினி விளையாட்டுக்கான) மேப்பாகக் கோத்தகிரியில் என் வீட்டிலிருந்தபடி கட்டிக்கொண்டிருக்கிறேன். ஓட்டிப் பார்க்கும் நண்பர்கள் "கார் தானாக நகர்கிறது", "சுவருக்குள் புகுந்துவிட்டது", "ஒன்பதாவது வளைவில் பறக்கிறது" என்று சொல்லி அனுப்புகிறார்கள். இது ஏன் நடக்கிறது, எப்படிச் சோதிப்பது என்று கேட்பவர்களும் நிறைய. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

விசித்திரமாக எது நடந்தாலும் அது கிளிட்ச்தானா, அதாவது மென்பொருள் பிழைதானா?

இல்லை. செய்தவர்கள் தெரிந்தே விட்டுவைத்த எளிமையாக்கல் உண்டு. டயரில் சேறு ஒட்டாது, அடிபட்ட பம்பர் வளையாது என்பதெல்லாம் அந்த வகை. கணக்கு தவறிப்போவதால் வரும் உண்மையான பிழை இன்னொன்று. கார் சரியாகத்தான் நடந்துகொள்கிறது, நமக்குத்தான் அது புதிது என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதை முதலில் கழித்துவிட வேண்டும். ஏற்றமான வளைவில் முன்சக்கர டிரைவ் காரின் உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுற்றுகிறது, இது பிழை என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். நிஜக் காரிலும் அப்படித்தான் சுற்றும்.

பந்தய டிராக் இருக்க, மலைப்பாதையில் ஏன் சோதிக்க வேண்டும்?

சிமுலேட்டர் செய்தவர்கள் பெரும்பாலும் மனதில் வைத்திருந்தது பந்தய டிராக்கைத்தான். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயையோ இருங்காட்டுக்கோட்டை டிராக்கையோ நினைத்துப் பாருங்கள். தரை ஏறக்குறைய சமதளம், வேகம் அதிகம், கிளம்பிய கார் நிற்பதே இல்லை. கல்லட்டியில் எல்லாம் தலைகீழ். 20 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்க வேண்டும், சரிவில் நின்று கிளம்ப வேண்டும், ஓயாத இறக்கத்தில் பிரேக்கைக் காப்பாற்ற வேண்டும். சிமுலேட்டரின் பலவீனங்கள் ஒளிந்திருப்பது இந்த இடங்களில்தான். டிராக்கில் ஆயிரம் சுற்று ஓட்டினாலும் கண்ணில் படாத பிழை இங்கே முதல் வளைவிலேயே வந்து நிற்கும்.

நீலகிரிக்காரர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. சரிவில் கார் எப்படி நடந்துகொள்ளும் என்பது நமக்கு உடம்பிலேயே பதிந்திருக்கிறது. சிறு வயதிலிருந்து பஸ்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்து பார்த்தது அது. திரையில் ஏதோ சரியில்லை என்று அந்த உடம்பு சொன்னால் அதை நம்பி அளந்து பாருங்கள்.

ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினாலும் கார் மெல்லக் கீழே நகர்கிறதே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. சிமுலேட்டரின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை இந்த ஒரு பிழை திறந்து காட்டிவிடும்.

டயர் எவ்வளவு விசை தரும் என்பதைக் கணக்கிட, பல சிமுலேட்டர்கள் 'மேஜிக் ஃபார்முலா' என்ற சூத்திரத்தையோ அதைப் போன்ற ஒன்றையோ பயன்படுத்துகின்றன. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹான்ஸ் பசெய்காவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் சூத்திரம் அது. அதற்குத் தேவையான ஒரு எண் சறுக்கல் விகிதம். சக்கரம் சுற்றும் வேகத்துக்கும் கார் நகரும் வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காரின் வேகத்தால் வகுத்தால் அது கிடைக்கும். கார் 80-ல் போகும்போது எந்தச் சிக்கலும் இல்லை. நின்றுவிட்டால்? பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வருகிறது, விடை கிடையாது.

அதைத் தவிர்க்க, வேகம் ஒரு சிறிய அளவுக்குக் கீழே போனால் அந்தச் சிறிய அளவையே வகுக்கும் எண்ணாக வைத்துக்கொள்வது ஒரு வழி. அதற்கு ஒரு விலை உண்டு. டயர் விசை தர வேண்டும் என்றால் அது கொஞ்சமாவது சறுக்கியாக வேண்டும். சமதளத்தில் விசையே தேவையில்லை என்பதால் கார் நிற்கும். சரிவில் காரைப் பிடித்து நிறுத்த விசை தேவை, ஆகவே கார் கிரீஸ் பூசிய தரையில் நிற்பதுபோல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். வேறு சிலர், வேகம் குறைந்ததும் டயரைத் தரையோடு ஒரு ஸ்பிரிங்கால் கட்டிவிட்டதுபோலக் கணக்கு போடுகிறார்கள். அதில் கார் நகராது. ஆனால் அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் தணிப்பு போதாவிட்டால் நின்ற கார் ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடும்.

சோதிப்பது எளிது. சாலையோரக் கல் ஒன்றுக்கு நேராக முன்சக்கரத்தை நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். கார் நகர்ந்த தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே காரைச் சமதளத்திலும், இன்னும் செங்குத்தான சரிவிலும் நிறுத்திப் பாருங்கள். சரிவு கூடக்கூட நகரும் வேகமும் கூடினால் நான் சொன்ன முதல் காரணம்தான். சரிவு எதுவானாலும் ஒரே வேகத்தில் நகர்ந்தால் வேறு எங்கோ கோளாறு.

வேகமாக மோதினால் கார் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுகிறது. எப்படி?

சிமுலேட்டருக்குத் தொடர்ச்சியான ஓட்டம் கிடையாது. ஒரு நொடியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் கார் எங்கே என்று கணக்கிடுகிறது. சிமுலேட்டர்களில் அசெட்டோ கோர்சா நொடிக்கு 333 முறை, ஐரேசிங் 360 முறை, பீம்என்ஜி டிரைவ் 2000 முறை கணக்கிடுகின்றன. 250 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 69 மீட்டர். நொடிக்கு 60 முறை மட்டும் கணக்கிடும் விளையாட்டில் கார் ஒரு துண்டுக்கு 1.15 மீட்டர் தாவுகிறது. 360 முறை கணக்கிட்டால் 19 சென்டிமீட்டர்தான். சுவர் ஒரு காகிதம்போல மெல்லியதாக வரையப்பட்டிருந்தால், ஒரு துண்டில் கார் இந்தப் பக்கம், அடுத்த துண்டில் அந்தப் பக்கம். நடுவில் மோதல் நடந்ததே கணக்கில் வராது.

மேப் செய்பவர்கள் கைப்பிடிச் சுவருக்கு நல்ல கனம் கொடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். கல்லட்டியில் யாரும் 250-ல் போக முடியாது என்று நானும் கனம் கொடுக்காமல் விட்டிருந்தேன். நியூட்ரலில் உருட்டிவிட்ட கார் ஒன்று நேராகப் பள்ளத்தாக்குக்குள் போனபோதுதான் திருத்தினேன்.

ஒரு குறிப்பிட்ட வளைவில் மட்டும் கார் துள்ளிப் பறக்கிறது. காரில் கோளாறா, மேப்பில் கோளாறா?

வேறு ஒரு காரை எடுத்து அதே இடத்தில் ஓட்டுங்கள். எல்லாக் காரும் துள்ளினால் மேப்தான். நான் இந்த எளிய சோதனையைச் செய்யாமல் மூன்று வாரம் சஸ்பென்ஷன் எண்களை மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், ஒன்பதாவது வளைவில் சாலையின் தளம் இரண்டு அடுக்காக இருந்தது, இடைவெளி நான்கு சென்டிமீட்டர். சக்கரம் மேல் அடுக்கிலிருந்து கீழே விழுந்த கணத்தில் இரண்டுக்கும் நடுவில் சிக்கி, வெளியே தள்ளப்பட்டது.

தள்ளும் விசை ஏன் அவ்வளவு பெரிது? தரைக்குள் புதைந்த பொருளை வெளியேற்ற, மிக விறைப்பான ஒரு ஸ்பிரிங் இருப்பதாகவே பல சிமுலேட்டர்கள் கணக்கிடுகின்றன. விறைப்பு அதிகமாகவும் கணக்கிடும் இடைவெளி நீளமாகவும் இருந்தால், ஸ்பிரிங் வாங்கிய ஆற்றலைவிட அதிகமாகத் திருப்பிக் கொடுத்துவிடும். இல்லாத ஆற்றல் அங்கே பிறக்கிறது. கார் பறக்கிறது.

மலைப்பாதை மேப்புகளில் இன்னொரு காரணமும் உண்டு. உயரத் தரவுக்குப் பலரும் எடுப்பது, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்த உலக வரைபடம். அதில் ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். ஒரு கொண்டை ஊசி வளைவு முழுவதுமே அதைவிடச் சிறியதாக இருக்கும். வளைவின் மேல் கையும் கீழ் கையும் ஒரே கட்டத்துக்குள் விழுந்தால் இரண்டும் சராசரியாகி, சாலை மலைச்சரிவில் அந்தரத்தில் தொங்கும். அடர்ந்த காடு இருக்கும் இடத்தில் ரேடார் அளப்பது தரையை அல்ல, பெரும்பாலும் மரத்தின் மேல்பகுதியை. சோலைக்குள் நுழையும் இடத்தில் என் சாலை திடீரென்று சில மீட்டர் மேலே ஏறியது அதனால்தான். இதற்குக் குறுக்கு வழி இல்லை. வளைவு வளைவாக உட்கார்ந்து கையால் சரிசெய்ய வேண்டும்.

வளைவின் உள் ஓரத்தில் ஏறினால் நிஜத்தில் கார் திணறும். சிமுலேட்டரில் ஏன் திணறவில்லை?

கவனித்துக் கேட்டவருக்கு நன்றி. மலையில் ஓட்டுபவர்கள் வளைவை அகலமாக எடுப்பது ஏன் என்று யோசியுங்கள். உள் ஓரத்தின் ஆரம் 6 மீட்டர், வெளி ஓரத்தின் ஆரம் 14 மீட்டர், வளைவு முடிவதற்குள் 3 மீட்டர் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உள் ஓரத்தில் அந்த 3 மீட்டரை 19 மீட்டர் தூரத்துக்குள் ஏற வேண்டும், அது 16 சதவீத ஏற்றம். வெளி ஓரத்தில் 44 மீட்டர் கிடைக்கிறது, 7 சதவீதம்தான். சாலை ஒன்றுதான், ஆனால் ஓரத்துக்கு ஓரம் வேறு மலை.

மேப் செய்பவர் நடுக்கோட்டுக்கு மட்டும் உயரம் கொடுத்து, வளைவைக் கிட்டத்தட்டச் சமதளமாகப் போட்டுவிட்டால் இந்த வித்தியாசம் காணாமல் போகும். மேப் சரியாக இருந்தும் திணறவில்லை என்றால், இன்ஜின் விசையை இடது வலது சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலைப் பாருங்கள். சாதாரணத் தெருக் காரில், பிடிப்பு குறைந்த சக்கரம் சுற்றினால் மற்றச் சக்கரமும் இழுவையை இழந்துவிடும். பந்தயக் காரின் அமைப்பை அப்படியே நகலெடுத்த மாட் கார்களில் (ஆட்டக்காரர்களே செய்து சேர்க்கும் கார்களில்) இரண்டு சக்கரமும் சேர்ந்தே இழுக்கும். அது மலை ஏறுவது பொய்யான சுலபம்.

தொலைவில் போகப் போகக் காரின் உட்புறம் நடுங்குகிறதே?

இடத்தைக் குறிக்கப் பல விளையாட்டுகள் பயன்படுத்தும் 32 பிட் எண்ணில் ஏழு இலக்கம்தான் துல்லியம். மேப்பின் மையப் புள்ளியிலிருந்து தூரம் கூடக்கூடக் கடைசி இலக்கங்கள் உதிர்ந்துபோகும். 1 கிலோமீட்டர் தொலைவில் அது குறிக்கக்கூடிய மிகச்சிறிய அசைவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 16 கிலோமீட்டரைத் தாண்டினால் 2 மில்லிமீட்டர். மேட்டுப்பாளையத்தை மையமாக வைத்து ஊட்டி வரை ஒரே மேப்பாகக் கட்டினால், ஊட்டியில் ஸ்டீயரிங் இரண்டு மில்லிமீட்டர் படிகளில் நடுங்கும். மையப் புள்ளியைப் பாதையின் நடுவுக்கு மாற்றினால் தூரம் பாதியாகும். கார் நகர நகர உலகத்தையே நகர்த்தி, காரை எப்போதும் மையத்தில் வைத்திருக்கும் விளையாட்டுகளும் உண்டு.

கருவி எதுவும் இல்லாமல் அளந்து பார்க்க என்ன வழி?

ஒரு ஸ்டாப்வாட்ச், ஓட்டியதைத் திரும்பப் பார்க்கும் ரீப்ளே வசதி, பள்ளி இயற்பியல். அவ்வளவு போதும்.

ஈர்ப்பு: சக்கரங்கள் தரையிலிருந்து 1 மீட்டர் மேலே இருக்கும்படி காரை அந்தரத்தில் வைத்து, அப்படியே விழ விடுங்கள். சக்கரம் தரையைத் தொட 0.45 நொடி ஆக வேண்டும். ரீப்ளேயை மெதுவாக ஓட்டி எண்ணுங்கள்.

பிரேக்: காய்ந்த சாலையில் பிடிப்பு எண் (உராய்வுக் குணகம்) 0.9 என்றால், 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 44 மீட்டர் ஆகும். உங்கள் தெருக் கார் 25 மீட்டரில் நின்றால் டயரை நம்பாதீர்கள்.

வளைவு: அதே பிடிப்பில் 10 மீட்டர் ஆரமுள்ள சமதள வட்டத்தில் 34 கி.மீ. வேகத்துக்கு மேல் சுற்ற முடியாது. 50-ல் சுற்றினால் எங்கோ தவறு.

உருளல்: 10 சதவீதச் சரிவில் நியூட்ரலில் விடுங்கள். பத்து நொடியில் வேகம் 30 கி.மீ.க்கு அருகில் வர வேண்டும். 35-ஐத் தொட்டால் உருளும் தடையைக் கணக்கில் எடுக்கவே இல்லை என்று பொருள்.

ஒவ்வொன்றையும் பத்து முறை செய்யுங்கள். டயர் சூடு, பெட்ரோல் அளவு, காரின் எடை எதையும் இடையில் மாற்றாதீர்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று பிறகு தெரியாது.

இறக்கத்தில் இன்ஜின் காரைப் பிடிக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

இதைக் கண்டுபிடித்தது நான் அல்ல, என் அப்பா. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு உருளைக்கிழங்கும் கேரட்டும் ஏற்றிய லாரியைப் பல வருடம் இறக்கியவர். ஒரு நாள் ஸ்டீயரிங் வீலின் முன்னால் அவரை உட்கார வைத்தேன். மூன்றாவது வளைவு வருவதற்குள், "இரண்டாம் கியர்ல இருக்கேன், வண்டிய இன்ஜின் பிடிக்கவே இல்லையே. நியூட்ரல்ல போற மாதிரி இருக்கு" என்றார். அந்தக் காரின் எண்கள் உள்ள ஃபைலைத் திறந்து பார்த்தேன். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் இன்ஜின் தர வேண்டிய எதிர்விசை பூஜ்யம் என்று எழுதியிருந்தது. நான் அதே காரை நூறு முறைக்கு மேல் இறக்கியிருக்கிறேன், கவனிக்கவில்லை. பிரேக்கையே மிதித்துப் பழகியிருந்தேன்.

சோதனை இதுதான். ஒரே சரிவில், ஒரே வேகத்தில் தொடங்கி, முதல் கியரிலும் மூன்றாம் கியரிலும் நியூட்ரலிலும் கால் வைக்காமல் விடுங்கள். மூன்று முடிவுகளும் தெளிவாக வேறுபட வேண்டும். முதல் கியரில் காரின் வேகம் ஒரு அளவோடு நின்றுவிட வேண்டும், அதற்கு மேல் ஏறக் கூடாது.

பிரேக் சூடாவதையும் இதோடு பாருங்கள். 1200 கிலோ எடையுள்ள கார் 1000 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 1.18 கோடி ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். 35 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க அது போதும். காற்றும் டயரும் இன்ஜினும் எடுத்துக்கொள்ளாத மிச்சம் முழுக்க நான்கு பிரேக்குகளுக்குள் போகிறது. 36 வளைவையும் பிரேக்கிலேயே இறங்கி, கடைசி வளைவிலும் முதல் வளைவைப் போலவே கார் நின்றால், அந்த சிமுலேட்டரில் பிரேக் சூடு என்பதே இல்லை. இது கிளிட்ச் அல்ல, விடுபட்டது. ஆனாலும் எழுதி அனுப்புங்கள், மலைக்காரர்களுக்கு இது முக்கியம்.

உயரத்தால் இன்ஜின் சக்தி குறைய வேண்டாமா?

குறைய வேண்டும். ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் கிட்டத்தட்ட அதே அளவு சக்தியை இழக்கும். காற்றுத் தடையும் அதே அளவு குறையும். ஒரே நீளமுள்ள சமதளச் சாலையை மேப்பின் உச்சியிலும் அடியிலும் போட்டு, நின்ற நிலையிலிருந்து 60-ஐத் தொடும் நேரத்தைப் பாருங்கள். இரண்டும் நொடி பிசகாமல் ஒன்றாக இருந்தால் காற்றடர்த்தி எங்கும் ஒரே எண்ணாக வைக்கப்பட்டிருக்கிறது.

மழையும் மூடுபனியும்?

பல விளையாட்டுகளில் மூடுபனி வெறும் படம், பிசிக்ஸுக்கு அதனோடு தொடர்பில்லை. மழை பெய்தால் சாலை முழுக்க ஒரே பிடிப்பு எண் குறைகிறதா, அல்லது தேங்கிய இடத்தில் கூடுதலாகக் குறைகிறதா என்று பாருங்கள்.

கீபோர்டு போதுமா?

போதும். சொல்லப்போனால் பல சோதனைகளுக்கு அதுவே மேல். ஒரே கீயை ஒரே மாதிரி அழுத்தலாம். ஸ்டீயரிங் வீலில் கை நடுக்கமும் சேர்ந்துகொள்ளும்.

பழைய கம்ப்யூட்டரில் மட்டும் பிழை வருகிறது என்கிறார்களே?

நடக்கும். ஃபிரேம் எண்ணிக்கையை (நொடிக்குத் திரையில் வரும் படங்களை) 30-க்குக் கட்டுப்படுத்தி ஒருமுறையும், 120-க்கு ஒருமுறையும் அதே சோதனையைச் செய்யுங்கள். முடிவு மாறினால், பிசிக்ஸ் கணக்கு திரையின் வேகத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. நேர்த்தியாகச் செய்த சிமுலேட்டரில் இவை இரண்டும் தனித்தனியாக ஓடும்.

பிழையைப் பயன்படுத்தி நேரத்தைக் குறைத்தால் அது ஏமாற்றா?

தனியாக ஓட்டும்போது, கண்டுபிடிப்பதற்காகச் செய்தால் அது சோதனை. மற்றவர்களோடு போட்டியிடும்போது சொல்லாமல் செய்தால் ஏமாற்று. என் மேப்பின் நேரப் பட்டியலில் சுவரில் உரசி எடுத்த நேரங்களை நீக்கிவிடுகிறேன்.

சுவரில் உரசுவது ஏன் பலிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. வளைவில் காரை உள்நோக்கித் தள்ளும் விசையை டயர்தான் தர வேண்டும், அதற்கு ஒரு எல்லை உண்டு. சுவரில் சாய்ந்தால் அந்த வேலையைச் சுவர் செய்துவிடும். விளையாட்டில் சுவரின் உராய்வு குறைவு, சேதமும் இல்லை என்றால் வேகத்தைக் குறைக்கவே தேவையில்லை. இதை நிஜத்தில் செய்தவர் ஒருவர் இருக்கிறார். 2022 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் மார்ட்டின்ஸ்வில் டிராக்கில், நாஸ்கார் என்ற கார் பந்தயத் தொடரின் ஒரு பந்தயத்தில், கடைசிச் சுற்றில் ராஸ் சாஸ்டெய்ன் ஆக்ஸிலரேட்டரை விடாமல் வெளிச் சுவரில் காரைச் சாய்த்தபடி ஓட்டினார். ஐந்து கார்களை முந்தி, இறுதிப் போட்டிக்கும் தகுதி பெற்றார். சிறு வயதில் வீடியோ கேமில் பழகியது என்று பிறகு சொன்னார். அடுத்த ஜனவரியில், இனி இப்படி ஓட்டினால் தண்டனை என்று நாஸ்கார் அறிவித்தது.

கண்டுபிடித்த பிழையை எப்படி எழுதி அனுப்புவது?

"கார் பறக்குது அண்ணா" என்று மட்டும் எழுதினால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு நண்பர் அனுப்பியது இப்படி இருந்தது: "மேப் பதிப்பு 0.7. மேலிருந்து 14-வது வளைவு, இறக்கம், உள் ஓரம். முன்சக்கர டிரைவ் ஹேட்ச்பேக், இரண்டாம் கியர், 22 கி.மீ. இடது முன்சக்கரம் தரைக்குள் அரைச் சக்கரம் புதைகிறது. பத்து முறையில் ஏழு முறை. வெளி ஓரத்தில் ஒருமுறைகூட இல்லை. ரீப்ளே இணைத்திருக்கிறேன்." அன்று ராத்திரியே சரிசெய்துவிட்டேன். நடக்காத முறைகளையும் அவர் எழுதியதுதான் பெரிய உதவி. 'வெளி ஓரத்தில் இல்லை' என்ற ஒரு வரியால் எங்கே தேடுவது என்று தெரிந்துவிட்டது.

சிமுலேட்டரில் பழகிவிட்டால் நிஜக் கல்லட்டியில் இறங்கலாமா?

தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். அந்தச் சாலையில் உயிர்கள் போயிருக்கின்றன. வளைவை எங்கிருந்து எடுப்பது, எந்தக் கியர் என்பது ஓரளவு பழகும். பிரேக் சூடாகும் வாசனை திரையில் வராது. எதிரே ஏறி வரும் பஸ்ஸுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் பதற்றமும் வராது. இந்தப் பக்கத்தில் உள்ள எந்தச் சோதனையையும் நிஜச் சாலையில் செய்யாதீர்கள், நியூட்ரலில் உருட்டுவதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

இப்போது எந்தப் பிழைகளுக்கு ஆள் தேவை?

மூன்று இருக்கின்றன. 22-வது வளைவில் பின்சக்கர டிரைவ் கார்கள் மட்டும் ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது பக்கவாட்டில் நழுவுகின்றன. 31-வது வளைவின் மதகுச் சுவரில் மோதினால் சத்தம் வருகிறது, மோதல் பதிவாவதில்லை. தலைகுந்தா முனையில் பத்து நிமிடம் நிறுத்தி வைத்த கார் ஒரு சென்டிமீட்டர் மேல்நோக்கி நகர்ந்திருக்கிறது. கீழ்நோக்கி நகர்ந்தால் காரணம் சொல்லிவிடுவேன், மேல்நோக்கி ஏன் என்று இன்னும் பிடிபடவில்லை. வேறு வேறு கார்களில் நிறுத்திப் பார்த்து, ரீப்ளேயோடு அனுப்புங்கள்.